நசரத்பேட்டையில் மூழ்கியவர்

வேம்புலியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில், சாவதற்குள் ஒரு தடவை கடலுக்கு அடியில் போய்ப் பார்த்துவிடுவது என்று பரந்தாமன் தீர்மானித்தார். அவருக்கு வயது நாற்பத்தேழு. நீச்சல் தெரியாது. மழைக்காலத்தில் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நின்றால்கூட, யாராவது முன்னால் போகட்டும் என்று ஓரமாக நிற்கிற ஆள்.

வேம்புலியும் அவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில், ஒரே பெஞ்சில், இருபத்திரண்டு வருஷம் கம்ப்ரஸர் ரிப்பேர் பார்த்தவர்கள். ஆவணி மாதம் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், "ஊறுகா இருந்தா குடுடா" என்று கையை நீட்டினான் வேம்புலி. பரந்தாமன் டப்பாவைத் திறந்து நிமிர்வதற்குள் ஆள் போய்விட்டான். நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. அந்தக் கையில் ஊறுகாயை வைப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் தான் தடுமாறியதைப் பரந்தாமன் யாரிடமும் சொன்னதில்லை.

வேம்புலி எதையுமே பார்க்காமல் செத்தான். வண்டலூருக்குப் போய்ப் புலியைப் பார்க்க வேண்டும் என்று எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். புலி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்த வாரம்தான் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார் ரகுநாதன். கடல் ஆராய்ச்சி ஆபீஸில் வேலை. கடலுக்குள் இறங்குகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் சிலிண்டரில் காற்று அடைக்கிற கம்ப்ரஸர் மக்கர் பண்ணுகிறது என்று கொண்டுவந்திருந்தார். பரந்தாமன் வால்வைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, பொழுதுபோகாமல் போட்டோக்களை எடுத்துக் காட்டினார். லட்சத்தீவையும் தாண்டி, நாலு பக்கமும் கரை தெரியாத இடத்தில் பவளப்பாறைகள். மூளை மாதிரி சில, முட்டைக்கோஸ் மாதிரி சில. இன்னொரு போட்டோவில் வெறும் நீலம்.

"இதுல ஒண்ணியும் காணோமே சார்."

"அதுதான் மலை. அடிவாரத்துலேருந்து உச்சி வரைக்கும் தண்ணிக்குள்ளேயே இருக்கு. மேலேருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது."

"யாராச்சும் ஏறியிருக்காங்களா?"

"அந்த மலையில ஏற முடியாது. இறங்கணும்."

இந்த ஒரு வார்த்தை பரந்தாமனைப் பிடித்துக்கொண்டது. ஏறுவதற்கு அவருக்கு வாழ்க்கையில் எதுவும் மிச்சமில்லை. இறங்கலாம் என்றால் பரவாயில்லை.

கார்த்திகையில் கொச்சியிலிருந்து கப்பல் கிளம்புகிறது, இருபத்தைந்து நாள், நடுக்கடலில் கம்ப்ரஸர் நின்றால் பார்க்க ஒரு மெக்கானிக் வேண்டும் என்றார் ரகுநாதன். ஆழமில்லாத இடமாகப் பார்த்து ஒரு தடவை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பாறையைக் காட்டுவதாகவும் சொன்னார்.

"எனக்கு நீச்சல் தெரியாதே சார்."

"மெஷின் பார்க்கறவருக்கு எதுக்கு நீச்சல்?"

ஆக, கடல் தயார், கப்பல் தயார், கம்பெனியில் லீவும் தயார். குறுக்கே நின்றது கஸ்தூரி ஒருத்திதான்.

கஸ்தூரி பரந்தாமனின் மனைவி. பிறந்தது ராமநாதபுரம் கடற்கரையில். அவளுடைய அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். ஒரு நாள் முழுகினவர் மேலே வரவில்லை. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. 'கடல் தெரியாத ஊராப் பார்த்துக் கட்டிக் குடுங்க' என்று அவளே கேட்டுத்தான் திருமுல்லைவாயிலுக்கு வாக்கப்பட்டாள். வந்த நாள்முதல் மெரினா பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பிள்ளை குட்டியும் இல்லாத அந்த வீட்டில் கடல் என்ற சொல்லே புழங்காது. சாயங்காலம் கொறிக்க ஏதாவது கேட்கும்போதுகூட, பரந்தாமன் 'கடலை' என்று மொட்டையாகச் சொல்லமாட்டார். 'வேர்' என்பதை நன்றாக அழுத்தி, வேர்க்கடலை என்றுதான் கேட்பார்.

இந்தப் பெண்பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? மூன்று நாள் யோசித்து, நாலாம் நாள் ரசம் சாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கம்பெனில என்னை பெங்களூருக்கு அனுப்பறாங்க. ட்ரெயினிங்கு."

"எத்தனை நாளு?"

"இருபத்தஞ்சு."

"என்னா ட்ரெயினிங்கு?"

"கம்ப்ரஸர்தான்."

"இருபத்திரண்டு வருசமா அதத்தானே பாக்குறீக. இன்னுமா தெரியல?"

"இது புது மாடலு."

"ஓகோ. எப்பப் போறீக?"

"கார்த்திகைல."

"சரி, போய்ட்டு வாங்க. அங்கிட்டு குளிரும். ஸ்வெட்டர் எடுத்துக்கிடுங்க."

இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று பரந்தாமனுக்கு நம்பவே முடியவில்லை. ஒரு விஷயத்தை அவர் கவனித்திருக்க வேண்டும். கஸ்தூரி இத்தனை வருஷத்தில் மெட்ராஸ் பேச்சுக்கு மாறிவிட்டவள். சந்தேகம் வந்தால் மட்டும்தான் 'பாக்குறீக, போறீக' என்று பிறந்த ஊர் அவள் வாயில் எட்டிப் பார்க்கும்.

ரகுநாதன் பழகிக்கொள்ளச் சொல்லி ஒரு கண்ணாடியும், வாயில் வைத்துக்கொள்ளும் குழாயும் கொடுத்தனுப்பினார். கண்ணாடி என்றால் மூக்கையும் சேர்த்து மூடுகிற ரப்பர் கண்ணாடி. அதை மாட்டினால் பரந்தாமன் தவளை மாதிரி இருந்தார். ரகசியத்தைப் பக்கத்து வீட்டு பால்ராஜிடம் மட்டும் சொன்னார். பால்ராஜ் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையில் வெல்டர்.

"யார்கிட்டயும் மூச்சு வுடாதே பால்ராஜு."

"மூச்சு வுடாம நான் எப்டி மாமே உசிரோட கீறது? அதுக்குத்தான் நீ டப்பா மாட்டிக்கப் போறியே, நீ வுடாதே."

பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, சிமெண்டுத் தொட்டியில் முகத்தை முக்கி, குழாய் வழியாக மூச்சு விட்டுப் பழகினார் பரந்தாமன். நாலாவது நாள் மாடியில் துணி உலர்த்த வந்த பால்ராஜ் சம்சாரம் லோகநாயகி, ஜன்னல் ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டாள். அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

"அக்கா! ஓடியாங்க! உங்க ஊட்டுக்காரரு தொட்டிக்குள்ள மூஞ்ச வுட்டுகினு கீறாரு! கொழாய்ல கொடகொடங்குறாரு!"

தொட்டிக்குள் பரந்தாமன் கொடகொடப்பை நிறுத்தினார். வெளியே கஸ்தூரியின் குரல் நிதானமாகக் கேட்டது.

"அது சளிக்கு. டாக்டரு சொன்னாரு."

"இன்னா டாக்டருக்கா அவரு?"

"பெரிய டாக்டரு."

பாவம், அதுவாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து நம்பிவிட்டது என்று பரந்தாமன் மனைவிக்காக இரக்கப்பட்டார். இரக்கப்பட்டதில் கொஞ்சம் தண்ணீர் மூக்கில் ஏறியது.

பத்து நாள் கழித்து ரகுநாதன் கம்பெனிக்குப் போன் பண்ணினார். குரலில் ஒரு தயக்கம். "ஒண்ணுமில்ல பரந்தாமன். புதுசா ஒரு விதி வந்திருக்கு. கப்பல்ல ஏறற எல்லாரும் நீச்சல் குளத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை நீந்திக் காட்டணும்."

"மெக்கானிக்குமா சார்?"

"மெக்கானிக்கு... முக்கியமா நீந்தணுமாம்."

அதன் பிறகு பரந்தாமனின் ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு வயல் கிணற்றில் கழிந்தன. வாத்தியார் பால்ராஜ். இடுப்பில் கயிறு, இரண்டு பக்கமும் காலி டின். டின் இரண்டும் அருமையாக மிதந்தன. நடுவில் பரந்தாமன் முழுகினார்.

"கால ஒதை மாமே! ஒதை!"

"எத்த ஒதைக்கிறது? கீழ ஒண்ணியும் இல்லியே!"

"ஊர்ல எல்லாரும் முழுகாம இருக்காங்கன்னாதான் நல்ல சேதி. நீ ஒருத்தன்தான் முழுகறதுக்குக் கப்பல் ஏறுற."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போடும்போது கஸ்தூரி அவர் காதுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ எடுத்தாள். பச்சையாக ஒரு இழை. விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"கெணத்துப் பாசி."

"கம்பெனில பைப்பு கழுவினேன்."

"ஞாயித்துக்கெழமையா?"

"அவசர வேலை."

கஸ்தூரி அதை ஜன்னலுக்கு வெளியே உதறிவிட்டுக் கையைக் கழுவினாள்.

பரீட்சை நாளன்று தூறிக்கொண்டிருந்தது. குளத்தில் வேறு யாரும் இல்லை. பரந்தாமன் சாமியைக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். குளத்தில் கால்வாசித் தூரம் வரை கையும் காலும் அடித்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அப்புறம் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. கீழே நீலமாக ஓடு பதித்திருந்தார்கள். வெளிச்சம் அதில் நெளிந்தது. வேம்புலிக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ, யாராவது திடீரென்று ரேடியோவை அணைத்த மாதிரி, என்று நினைத்தார். பயமாக இல்லை. அதுதான் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவருக்குப் பயமாக இருந்தது.

ரகுநாதன் சட்டையோடு குதித்து அவரை இழுத்துப் போட்டார்.

"முழுகிட்டீங்க பரந்தாமன்."

"அதுக்குத்தானே சார் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, பரந்தாமன் அரை லிட்டர் தண்ணீரைக் கக்கினார்.

அவ்வளவுதான். கப்பலுக்கு வேறு மெக்கானிக்.

கஷ்டம் இனிமேல்தான். பரந்தாமன் பெங்களூர் போகிறார் என்று தெருவுக்கே தெரியும். கம்பெனியில் இருபத்தைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கஸ்தூரி ஸ்வெட்டரை வெயில் வந்த அன்றைக்குக் காயவைத்து, முறுக்கு சுட்டு, பெட்டியையே கட்டிவிட்டாள். ட்ரெயினிங் ரத்தாகிவிட்டது என்று சொல்லலாம். ஏன் ரத்து, யார் ரத்து செய்தது, கடிதாசி எங்கே என்று அவள் கேட்பாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் ஏழு பொய் வேண்டும். அவருக்கு முதல் பொய்யிலேயே மூச்சு வாங்கியது.

"இன்னா மாமே, இதுக்குப் போயி! பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டைல என் சகலை சின்னப்பையன் லாரி ஷெட்டு வச்சிகினு கீறான். அங்க போய்க் குந்திக்கோ. அது பெங்களூர் ரோடுதானே? முழுப் பொய்கூட இல்ல, முக்காப் பொய்" என்றான் பால்ராஜ்.

கார்த்திகை முதல் திங்கட்கிழமை, கையில் பெட்டியும் தோளில் ஸ்வெட்டருமாகப் பரந்தாமன் கிளம்பினார். கஸ்தூரி வாசல் வரை வந்தாள்.

"ஜாக்கிரதையா இருங்க. போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடுங்க."

"போடறேன்."

"தண்ணி ஒத்துக்கிடாது. பார்த்துக் குடிங்க."

நசரத்பேட்டை லாரி ஷெட்டில் ஒரு தகரக் கூரை, அதன் கீழே ஒரு கயிற்றுக் கட்டில், அதன் மேலே பரந்தாமன். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை கூரை வழியாகவும் பெய்தது. காலையில் எழுந்தால் டீசல் வாடை. பகலெல்லாம் பெங்களூர் போகிற பஸ்கள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போகும். ஒவ்வொன்றிலும் ஜன்னலோரத்தில் ஒருத்தர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். முறுக்கு மூன்றாம் நாள் நமுத்துப்போயிற்று. ஏழாம் நாள் தீர்ந்துபோயிற்று. அடைமழையில் சும்மா உட்கார்ந்திருந்ததில், எதிலோ மெதுவாக அமிழ்ந்துகொண்டிருப்பது மாதிரி இருந்தது அவருக்கு. யாரும் இழுத்துப்போடக் குதிக்கவில்லை.

கடிதம் மட்டும் ஒழுங்காக எழுதினார். பெங்களூர் போகிற டிரைவர்களிடம் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொன்னார். 'இவ்விடம் குளிர் அதிகம். ட்ரெயினிங் நல்லபடியாக நடக்கிறது. சாப்பாடு பரவாயில்லை. நீ தனியாக இருப்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது.' கடைசி வரி மட்டும் நிஜம். மூன்று கடிதத்திலும் அதே வரியைத்தான் எழுதினார்.

பன்னிரண்டாம் நாள் இருமலும் காய்ச்சலும் வந்தன. சின்னப்பையன், "அண்ணாத்தே, நீ இங்க செத்துக்கித்து வச்சேன்னா பெங்களூர்லேருந்து பாடி வந்துச்சுன்னு நான் சொல்ல முடியாது. ஊட்டுக்குப் போயிடு" என்றான். நியாயமாகத்தான் பட்டது. எது வந்தாலும் வரட்டும், அவள் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறினார்.

வீடு பூட்டியிருந்தது.

பரந்தாமன் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லோகநாயகி சாவியோடு வந்தாள்.

"வந்துட்டீங்களாண்ணா? இந்தாங்க சாவி. பதிமூணாம் நாளு வருவாரு, சாவியக் குடுன்னு அக்கா சொல்லிட்டுப் போனாங்க. நீங்க ஒரு நாள் முந்திகினீங்க."

"எங்க போயிருக்கா?"

"கப்பலுக்குண்ணா."

"எந்தக் கப்பலுக்கு?"

"இன்னாண்ணா ஒண்ணியும் தெரியாத மாதிரி கேக்குறீங்க! நீங்க பொறப்பட்டுப் போன ரெண்டாம் நாளு ஜெகதாம்பாள்னு ஒரு அம்மா ஜீப்புல வந்து கூட்டினு போச்சு. கடல் பாசிய ஆராய்ச்சி பண்றவங்களாம். தனியா ஒரு பொம்பளைய கப்பல்ல ஏத்தமாட்டாங்களாம். தொணைக்கு இன்னொரு பொம்பள வோணும், அதுவும் தண்ணில முழுகத் தெரிஞ்சவளா வோணும்னு தேடிகினு இருந்தாங்களாம். அக்காதான் சின்ன வயசுல கடலுக்குள்ள முழுகிப் பாசி அறுத்தவங்களாச்சே."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பரந்தாமன் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. கதவைத் திறந்தார். காலடியில் மூன்று கடிதங்கள் கிடந்தன. பெங்களூர் முத்திரை. யாரும் பிரிக்கவில்லை. விளக்கைப் போடாமல் தரையில் உட்கார்ந்து, தான் எழுதிய மூன்றையும் தானே பிரித்துப் படித்தார். கவலைப்பட்டு யாரோ ஒருத்தர் எழுதியிருக்கிறாரே என்று கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நாள் அவர் எப்படி இருந்தார் என்று சொல்வதற்கில்லை. கோபம் வந்தது. அது தங்கவில்லை. ரேடியோவில் புயல் சின்னம் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். பால்ராஜ் எட்டிப் பார்த்து, "இன்னா மாமே, தண்ணில கண்டமா?" என்றால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று முதன்முதலாக அவருக்குத் தெரிந்தது. அம்பத்தூர் பக்கத்தில் கரையும் கிடையாது. வாசற்படிதான்.

மார்கழியில் ஒரு காலை, எலெக்ட்ரிக் ரயிலிலிருந்து இறங்கி, தூறலில் நடந்து வந்தாள் கஸ்தூரி. கறுத்திருந்தாள். மூக்கில் தோல் உரிந்திருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைத் துடைத்துக்கொண்டாள். பரந்தாமன் டீ போட்டுக் கொடுத்தார். இரண்டு பேரும் டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ட்ரெயினிங்கு எப்படி?"

"முடிஞ்சிடுச்சு."

"பெங்களூர்ல மழையா?"

"நல்ல மழை."

"நசரத்பேட்டையிலயுமா?"

பரந்தாமன் டம்ளரைக் கீழே வைத்தார். "யார் சொன்னாங்க? பால்ராஜா?"

"அவரு லோகநாயகிகிட்ட சொல்லாம எதச் செஞ்சாரு?"

"அப்போ கப்பல் சமாசாரம்?"

"தொட்டிக்குள்ள நீங்க மூஞ்சிய வச்ச அன்னிக்கே கண்ணாடியப் பாத்துட்டேன். சங்கு குளிக்கிறவன் மகளுக்கு அது தெரியாதா? அதுல அந்த ஆபீஸு பேரு எழுதியிருந்துச்சு. நேரா அங்கிட்டுப் போயி அந்த ரகுநாதன் சாரைப் பாத்தேன். 'எங்க வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. வேணாம்னு நீங்க சொன்னா மனசு விட்டுப்போவாரு. நீந்தச் சொல்லுங்க. அவராவே தெரிஞ்சுக்கிடுவாரு'ன்னேன்."

"அந்தப் புது விதி..."

"நான் போட்டதுதான்."

பரந்தாமனுக்கு மறுபடியும் நீச்சல் குளத்தின் அடியில் கிடப்பது போல இருந்தது.

"சொல்லிட்டுத் திரும்பையில மேசை மேல பேப்பர்ல பாசி காயப்போட்டிருந்துச்சு. இது மரிக்கொழுந்துப் பாசி, இது கட்டக்கோரைன்னேன். அந்த ஜெகதாம்பாள் அம்மா கையப் புடிச்சுக்கிட்டாங்க. விடவேயில்ல."

"கடல்னாலே உனக்கு ஆகாதே கஸ்தூரி. எப்டிப் போன?"

டீ ஆறிவிட்டது. ஆறினதைக் கஸ்தூரி குடித்தாள். பிறகு அவள் வாயில் வந்தது பிறந்த ஊர்ப் பேச்சு; இந்தத் தடவை சந்தேகத்தில் இல்லை.

"எங்க அப்பாவைத் தேடிப் பதினோரு நாளு முழுகினேன். ஊருல முழுகத் தெரிஞ்சவுக எல்லாரும் முழுகினாக. கெடைக்கல. பன்னெண்டாம் நாளு அம்மா போதும்னு கையப் புடிச்சுக் கூட்டியாந்துட்டாக. அதுக்கப்புறம் தண்ணியப் பாத்தாலே, இன்னும் தேடி முடிக்கலையேன்னு இருக்கும். அதான் பாக்குறதில்ல."

பரந்தாமன் தன் டம்ளரையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல பாறையில பழக்குனாக. முதுகுல டப்பா மாட்டிக்கிட்டா மேல வரணும்கிற அவசரமே இல்ல. அப்புறம் கடைசி வாரம் அந்த மலைக்குக் கூட்டிட்டுப் போனாக. உச்சியில ஒரு ஓரம். மீனு மழை மாதிரி கொட்டுது. ஓரத்துல நின்னு கீழ பாத்தேன். நீலம். அதுக்கும் கீழ கறுப்பு. எம்மாந் தூரம் போகுதுன்னே தெரியல. இதுக்குள்ள ஒரு ஆளத் தேட முடியுமான்னு தோணுச்சு. முடியாதுங்க. யாராலயும் முடியாது. பதினோரு நாளு என்ன, நூறு நாளு முழுகியிருந்தாலும் முடியாது. அப்பத்தான் போதும்னு வந்துச்சு."

"அழுதியா?"

"கண்ணாடிக்குள்ள அழுதா தொடைக்க வழியில்ல. மேல வந்துதான் கழட்டினேன்."

வெளியே தூறல் வலுத்தது. பரந்தாமன் கேட்க வேண்டாம் என்று நினைத்தார், ஆனாலும் கேட்டார்.

"உனக்கு மட்டும் ஆவும், எனக்கு ஆவாதா? என்னை ஏன் தடுத்த?"

"நீங்களும் முழுகிப்போனா, இந்த வயசுல நான் மறுபடியும் தேடணுமா?" என்றாள் கஸ்தூரி.

பரந்தாமன் ஆறின டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். கழுவின டம்ளர்களையே திரும்பவும் கழுவினார். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"மாசியில மறுபடி கப்பல் போகுது. என்னை வரச் சொல்லியிருக்காக. உங்களுக்கும் ஒரு எடம் கேட்டு வாங்கிட்டேன்."

பரந்தாமன் ஈரக் கையோடு திரும்பினார். "மெய்யாலுமா? எனக்கா? என்ன வேலை?"

"வெங்காயம் உரிக்கணும். தெனம் எட்டு கிலோ."